முதல் குடியரசுத் தலைவர் கேட்ட கேள்வி

செங்கம் சாலை வழியே பள்ளிக்கு வரும் மாணவியர் தினந்தோறும் ரமணாசிரமத்தின் வாயிலைக் கடந்துதான் வருகிறார்கள். அங்கே கூடி நிற்கும் வெளிநாட்டாரையும், சுவர்மேல் வந்து அமரும் மயில்களையும் பேருந்துச் சன்னல் வழியே பார்த்துப் பழகியவர்கள் நீங்கள். 1938-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அந்த வாயிலுக்குள் கதராடை உடுத்திய இருவர் நுழைந்தனர். ஒருவர் வார்தாவைச் சேர்ந்த செல்வர் ஜம்னாலால் பஜாஜ். மற்றவர் அடர்ந்த மீசையும், இரைப்பு நோயால் தளர்ந்த உடலும் கொண்ட பீகார்த் தலைவர் பாபு இராஜேந்திர பிரசாத்.

இருவரும் சில நாட்கள் இங்கே தங்கினர். பஜாஜ் ரமணரிடம் பல கேள்விகளைக் கேட்டார். இராஜேந்திர பிரசாத் பெரும்பாலும் பேசாமலேயே அந்தக் கூடத்தில் அமர்ந்திருந்தார். காந்தியடிகளின் அனுமதி பெற்று வந்தவராதலால், விடைபெறும்போது மட்டும் அவருக்குச் சொல்லி அனுப்ப ஏதேனும் உண்டா என்று கேட்டார். காந்தியடிகளுக்குள் இருந்து அவரை நடத்திச் செல்லும் ஆன்ம சக்தியே போதும், வேறென்ன வேண்டும் என்ற கருத்தில் ரமணர் விடை தந்தார். அதைப் பெற்றுக்கொண்டு அவர் புறப்பட்டார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அதே மனிதர் பாரதக் குடியரசின் முதல் தலைவரானார். அவர் அடக்கமானவர், எளியவர் என்பதைப் பாடப்புத்தகம் சொல்கிறது. நீங்களும் தேர்வில் எழுதுகிறீர்கள். குடியரசுத் தலைவர் வெறும் ரப்பர் முத்திரை என்றும் அதே தாளில் எழுதுகிறீர்கள்! அதற்கு மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன். ஆனால் அந்த அடக்கமான மனிதர்தான், தாம் ரப்பர் முத்திரைதானா என்ற கேள்வியை அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே, ஒரு முறையல்ல, பல முறை கேட்டவர். அவர் கேட்டது சரியா, அவருக்குக் கிடைத்த விடை சரியா என்பதை அவர் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும்.

பீகாரில் அந்நாளைய சாரண் மாவட்டத்து ஜீராதேயி என்ற சிற்றூரில் 1884-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை மகாதேவ சகாய் பாரசீகமும் வடமொழியும் கற்றவர். தாய் கமலேசுவரி தேவி இரவுதோறும் மகனுக்குப் புராணக் கதைகள் சொல்லி வளர்த்தார். ஊர்ப் பிள்ளைகளோடு ஒரு மௌல்வியிடம் பாரசீகம் படித்துத்தான் அவருடைய கல்வி தொடங்கியது. பன்னிரண்டு வயதளவில் இராஜவம்சி தேவியோடு திருமணம் நடந்துவிட்டது. கோஷா வழக்கம் கடுமையாக இருந்த வீடு அது. மணமான பல ஆண்டுகள் வரை மனைவியோடு பகலில் பேசக்கூட முடியாதிருந்ததைத் தம் சுயசரிதையில் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெண்களின் உரிமை பற்றிய ஒரு சட்டமே பின்னாளில் அவருக்குப் பெரிய சோதனையாக வந்து நின்றது.

1902-இல் கல்கத்தாப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் முதலிடம் பெற்று மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். பீகாரின் ஒரு குக்கிராமத்துப் பையன் வங்காளத்துப் பிள்ளைகளை முந்தியது அந்நாளில் பெரிய பேச்சாயிற்று. பொருளாதாரத்தில் முதுகலை, பிறகு சட்டம், சிறிது காலம் முசாபர்பூரில் ஆசிரியர் பணி, அப்பால் கல்கத்தாவிலும் பாட்னாவிலும் வக்கீல் தொழில். வருமானம் கொழித்தது. 1910-இல் கோகலே தம்முடைய இந்திய ஊழியர் சங்கத்தில் சேருமாறு அழைத்தபோது மனம் தவித்தும், குடும்பச் சுமையைத் தாங்கிய அண்ணன் மகேந்திர பிரசாத்தை விட்டுவரத் துணியவில்லை.

அவர் வாழ்வைத் திருப்பியது 1917. சம்பாரணில் அவுரிச் சாகுபடியாளர் பட்ட துன்பத்தைக் காட்ட ராஜ்குமார் சுக்லா என்ற விவசாயி காந்தியடிகளை அழைத்து வந்தார். பாட்னாவில் இருவரும் முதலில் போய் நின்ற வீடு இராஜேந்திர பிரசாத்துடையது. வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்தார். வந்தவரை யாரோ ஒரு கட்சிக்காரர் என்று எண்ணிய வேலைக்காரர்கள், என்ன சாதியோ என்ற ஐயத்தில் வீட்டுக்குள் இருந்த கழிப்பறையைக்கூடப் பயன்படுத்த விடவில்லை. காந்தியடிகள் இதைச் சினமின்றித் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிந்திருக்கிறார். சில நாட்களில் வீட்டுக்காரரே சம்பாரணுக்கு ஓடிச் சென்று சேர்ந்தார். ஆளுக்கொரு சமையற்காரனோடு வந்த வக்கீல்கள் எல்லாரும் அங்கே ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பந்தியில் உண்ணக் கற்றனர். 1920-இல் வக்கீல் தொழிலை அடியோடு விட்டார்.

பின்னர் நடந்தவற்றை விரைவாகவே சொல்லிவிடலாம். பாட்னாவில் சதாகத் ஆசிரமம் அவரது இருப்பிடமாயிற்று. 1934 சனவரி 15-ஆம் நாள் பீகாரைப் பூகம்பம் குலுக்கியபோது அவர் சிறையில் நோயாளியாகக் கிடந்தார். இரண்டு நாட்களில் விடுதலையானதும் அதே உடம்போடு நிவாரணப் பணியில் இறங்கினார். அவர் திரட்டிய நிதி 38 லட்சம் ரூபாயைத் தாண்டியது. வைசிராய் திரட்டியதைவிட அது மிகுதி. அவ்வாண்டு பம்பாயில் காங்கிரஸ் தலைமை ஏற்றார். 1942 முதல் 1945 வரை ஏறத்தாழ மூன்றாண்டுகள் பாங்கிப்பூர்ச் சிறை. சுயசரிதையின் பெரும்பகுதியை எழுதியது அங்கேதான். 1946 டிசம்பர் 11-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை அவரைத் தலைவராகத் தேர்ந்தது.

இனித்தான் நம் விஷயம் தொடங்குகிறது. அந்தச் சபை மூன்றாண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம், பதினோரு தொடர்களில், 165 நாட்கள் கூடி அரசியல் சட்டத்தை ஆக்கியது. புதிய நாட்டுக்கு ஒரு தலைவர் வேண்டும். அவர் எத்தகையவராக இருக்க வேண்டும்? அமெரிக்கத் தலைவரிடம் ஆட்சி முழுவதும் இருக்கிறது. அதற்கு ஈடாக அந்நாட்டுக் காங்கிரசும் நீதிமன்றமும் அவரைக் கட்டி நிற்கின்றன. இங்கிலாந்து மன்னர் மந்திரிகள் சொற்படி நடக்கிறார். ஆனால் அவர் அப்படித்தான் நடக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியில்லை, வழக்கமே சட்டம். நாம் இங்கிலாந்து வழியை எடுத்துக்கொண்டு, அமெரிக்கப் பெயரைச் சூட்டினோம்.

டாக்டர் அம்பேத்கர் முன்வைத்த 74-ஆவது ஷரத்தில், குடியரசுத் தலைவருக்கு உதவவும் ஆலோசனை கூறவும் பிரதமர் தலைமையில் அமைச்சரவை இருக்கும் என்று மட்டுமே இருந்தது. அந்த ஆலோசனையை அவர் ஏற்றே தீர வேண்டும் என்ற சொல் அதில் இல்லை. தலைமை இருக்கையில் அமர்ந்திருந்த பழைய வக்கீலின் கண் அதைக் கவனியாமல் விடுமா? அப்படிக் கட்டாயப்படுத்தும் ஷரத்து எங்கே இருக்கிறது என்று சபையிலேயே கேட்டார். இங்கிலாந்து வழக்கமே இங்கும் நிலவும் என்பதுதான் சட்டம் வகுத்தோரின் எண்ணமாக இருந்தது. 1949 நவம்பர் 26-இல் தம் முடிவுரையில் அவரும் அந்த வழக்கம் நம் நாட்டில் வேரூன்றும் என்ற நம்பிக்கையைத் தெரிவித்தார்.

1950 சனவரி 25-ஆம் நாள் இரவு, அவரைத் தாய்போல் கவனித்து வந்த மூத்த சகோதரி பகவதி தேவி காலமானார். மறுநாள் குடியரசு பிறக்கும் நாள். துக்கத்தை உள்ளே அடக்கிக்கொண்டு பதவிப் பிரமாணம் எடுத்து, விழாக் கடமைகளை முடித்துவிட்ட பிறகே சகோதரிக்கு இறுதிக்கடன் செய்தார். அந்தப் பிரமாணத்தில் ஒரு சிறப்பு உண்டு. அமைச்சர்கள் அரசியல் சட்டத்துக்கு உண்மையாய் இருப்பேன் என்று உறுதி எடுக்கிறார்கள். குடியரசுத் தலைவரோ சட்டத்தைப் பேணுவேன், பாதுகாப்பேன், காப்பேன் என்று உறுதி எடுக்கிறார். காவல் காப்பதாக ஆணையிட்டவனுக்குக் கதவைச் சாத்தும் அதிகாரம் இல்லையா? இராஜேந்திர பிரசாத்தின் மனத்தை அரித்தது இதுதான்.

1951 செப்டம்பரில் அது வெடித்தது. இந்துப் பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் தரும் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா நாடாளுமன்றத்தில் இருந்தது. அம்பேத்கர் அதற்காகத் தம் உடல்நலத்தையே பணயம் வைத்து உழைத்தார். குடியரசுத் தலைவருக்கு அது பிடிக்கவில்லை. மசோதா நிறைவேறித் தம்மிடம் வந்தால் தம் சொந்த மனச்சாட்சிப்படியே முடிவு செய்வதாகப் பிரதமர் நேருவுக்கு எழுதினார். அவர் வாதத்தை முற்றிலும் தள்ளிவிடவும் முடியாது. அப்போதிருந்த நாடாளுமன்றம் மக்கள் வாக்களித்துத் தேர்ந்ததன்று. முதல் பொதுத் தேர்தல் இன்னும் நடக்கவில்லை. கோடிக்கணக்கான குடும்பங்களின் வழக்கத்தை மாற்றும் சட்டத்தை மக்களைக் கேட்காமல் கொண்டுவரலாமா என்றார்.

நேரு கலங்கினார். குடியரசுத் தலைவர் தம் விருப்பப்படி சட்டத்தைத் தடுக்கலாம் என்றால், மக்கள் தேர்ந்த சபைக்கு மேல் ஒற்றை மனிதர் அமர்ந்துவிடுவார். அட்டர்னி ஜெனரல் எம்.சி. செதல்வாடிடமும், சென்னையின் புகழ்பெற்ற வழக்கறிஞர் அல்லாடி கிருஷ்ணசுவாமி அய்யரிடமும் கருத்துக் கேட்டார். இருவர் விடையும் ஒன்றே: அமைச்சரவை சொல்வதற்கு மாறாகக் குடியரசுத் தலைவர் நடக்க இயலாது.

இராஜேந்திர பிரசாத் மசோதாவோடு போராடும் தேவை அப்போது நேரவில்லை. நாடாளுமன்றத்திலேயே எதிர்ப்பு மிகுந்து மசோதா கைவிடப்பட்டது. அம்பேத்கர் மனம் கசந்து பதவி விலகினார். பொதுத் தேர்தல் நடந்து புதிய நாடாளுமன்றம் அமைந்த பின், அதே மசோதா பல துண்டுகளாக வந்தது. 1955 மே 18-இல் இந்துத் திருமணச் சட்டம், 1956 சூன் 17-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம். இரண்டிலும் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். அவர் கேட்டபடி மக்கள் வாக்களித்துவிட்டார்கள். அவர் கருத்து மாறியதாகத் தெரியவில்லை. ஆயினும் கை தயங்கவில்லை. தந்தை தானே ஈட்டிய சொத்தில் மகளுக்கும் மகனோடு பங்கு என்ற நிலை அந்தக் கையெழுத்தில் பிறந்தது. பூர்வீகச் சொத்திலும் சமபங்கு தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுவதற்கும் 2005-இலும் வந்தது. (நம் பள்ளியின் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இது பொருந்தாது, அவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் உள்ளது. பெற்றோர் கேட்கும் முன் சொல்லிவிட்டேன்.)

ஆக, குடியரசுத் தலைவரின் கையைக் கட்டிய கயிறு உங்கள் பாட்டிமாரின் உரிமைக்கு வழிவிட்டது. கதை இத்துடன் முடிந்தால் எழுதுவது எளிது. முடியவில்லை.

1960 நவம்பர் 28-ஆம் நாள், தில்லியில் இந்தியச் சட்டக் கழகத்தின் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டச் சென்ற இராஜேந்திர பிரசாத், தம் பேச்சில் பழைய கேள்வியை மீண்டும் எடுத்தார். நம் குடியரசுத் தலைவரின் அதிகாரமும் இங்கிலாந்து மன்னரின் அதிகாரமும் ஒன்றேதானா என்று அறிஞர்கள் ஆராய வேண்டும் என்றார். மேடையில் நேருவும் மற்றோரும் இருந்தனர். பத்தாண்டுகளுக்கு மேல் அப்பதவியில் இருந்தவர், தமக்கு எவ்வளவு அதிகாரம் என்று ஊரறியக் கேட்டது பலருக்கு உவப்பாயில்லை. அதிகார ஆசை என்று சிலர் கருதினர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாதம் 10,000 ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு பகுதியை மட்டுமே வாங்கிக்கொண்டு, அந்தப் பெரிய மாளிகையில் சதாகத் ஆசிரமத்து வாழ்க்கையே வாழ்ந்தவர் அவர். வேலி எங்கே ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் காவல் காப்பது எப்படி என்பதே அவர் கவலை.

விடை அவர் மறைந்த பிறகு வந்தது. 1974-இல் சம்சேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள், குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தனர். அடுத்த ஆண்டே, 1975 சூன் 25-ஆம் நாள் இரவு, அந்தத் தீர்ப்பின் மறுபக்கம் தெரிந்தது. நாட்டில் நெருக்கடி நிலையை அறிவிக்கும் தாள் பிரதமர் இந்திரா காந்தியிடமிருந்து குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமதுவிடம் போயிற்று. அமைச்சரவை அதுவரை கூடவே இல்லை. நள்ளிரவுக்கு முன் அவர் கையெழுத்திட்டார். மறுநாள் விடியற்காலையில்தான் அமைச்சர்கள் கூட்டப்பட்டு, முடிந்துபோன காரியத்தைத் தெரிந்துகொண்டார்கள்.

இங்கே சற்று நிற்க வேண்டும். அமைச்சரவையின் ஆலோசனை என்பதற்காகவே குடியரசுத் தலைவரின் கையைக் கட்டினோம். அமைச்சரவை கூடவில்லை என்றால் ஆலோசனை எங்கிருந்து வந்தது? அமைச்சரவையே கூறிற்றா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், அந்த இரவு சில மணி நேரமாவது தாமதித்திருக்கும். பழைய வக்கீல் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் கேட்டிருப்பார் என்றே நான் எண்ணுகிறேன். அவர் கடைசியில் கையெழுத்திட்டிருக்கவும் கூடும்.

அதன்பின் ஒவ்வொரு கட்டாக அவிழ்ந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில், பத்திரிகைகளுக்குத் தணிக்கை. 1976 சனவரி 31-இல் தமிழ்நாட்டு அரசு கலைக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில், காரணமின்றிச் சிறைப்பட்டவன் நெருக்கடி நிலையில் நீதிமன்றத்தை நாட முடியாது என்று உச்ச நீதிமன்றமே கூறியது, ஐவரில் எச்.ஆர். கன்னா ஒருவரே மறுத்தார். இராஜேந்திர பிரசாத் தேடிய அந்தச் சொல்லும் 1976-இன் 42-ஆவது திருத்தத்தில் சட்டத்தில் ஏறியது: குடியரசுத் தலைவர் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும். அவர் கேட்ட கேள்விக்கு, யாரும் கேள்வி கேட்க முடியாதிருந்த காலத்தில் விடை எழுதப்பட்டது.

புதிய அரசு 1978-இல் 44-ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்தது. குடியரசுத் தலைவர் ஓர் ஆலோசனையை மறுபரிசீலனைக்கு ஒருமுறை திருப்பி அனுப்பலாம்; மீண்டும் அதுவே வந்தால் ஏற்க வேண்டும். நெருக்கடி நிலைக்கு அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தாக வேண்டும். ஒரு மாதத்துக்குள் இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு ஒப்ப வேண்டும். உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் உள்ள உரிமையை எந்த நெருக்கடியிலும் நிறுத்தி வைக்க முடியாது. பூட்டு மாட்டிய இடத்தைக் கவனியுங்கள். கையெழுத்திடும் இடத்தைவிட, தாள் புறப்படும் இடத்தில்தான் பெரிய பூட்டு.

அதே 1978-இல் பாக் நீரிணைக்கு அப்பால் ஜே.ஆர். ஜெயவர்தனா நேர் எதிர் வழியில் போனார். இலங்கைக்கு அதிகாரம் மிக்க ஜனாதிபதிப் பதவியை உண்டாக்கி அதில் தாமே அமர்ந்தார். 1982 டிசம்பரில் பொதுத் தேர்தலுக்குப் பதில் ஒரு வாக்கெடுப்பு நடத்தி, நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறாண்டுகள் நீட்டினார். தம் கட்சி உறுப்பினர்களிடம் தேதியிடாத இராஜினாமாக் கடிதங்களை முன்னமே வாங்கி வைத்துக்கொண்டார். அந்தப் பதவியின் அதிகாரத்தை 2015-இல் குறைத்தார்கள், 2020-இல் கூட்டினார்கள், 2022-இல் மறுபடி ஓரளவு குறைத்தார்கள்.

நம் நாட்டில் திருப்பி அனுப்பும் அந்தச் சிறு உரிமையைக் கே.ஆர். நாராயணன் 1997-இலும் 1998-இலும் பயன்படுத்தி, இரு மாநில அரசுகள் கலைக்கப்படுவதைத் தடுத்தார். இராமேசுவரத்து அப்துல் கலாம் 2006-இல் ஒரு மசோதாவைத் திருப்பி அனுப்பினார். மீண்டும் வந்தபோது கையெழுத்திட்டார். அதே கலாம் 2005-இல் மாஸ்கோவில் இருந்தபோது, பீகார்ச் சட்டசபையைக் கலைக்கும் ஆணைக்கு இரவோடிரவாக ஒப்பமளித்தார். அது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் பின்னர் தீர்த்தது. நல்லவர் கையும் அவசரத்தில் ஓடிவிடுகிறது.

இராஜேந்திர பிரசாத் இவற்றில் எதையும் காணவில்லை. இரு முறை அப்பதவியில் இருந்தவர் இன்றுவரை அவர் ஒருவரே. 1962 மே 13-ஆம் நாள் திருத்தணியில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணனிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் பாட்னாவுக்குத் திரும்பினார். நாடு அவருக்குப் பாரத ரத்னா அளித்தது. மாளிகையில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு வந்தவருக்குச் சதாகத் ஆசிரமத்தின் சிறிய வீடே போதுமாயிருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் இராஜவம்சி தேவி மறைந்தார். இரைப்பு நோய் முற்றியது. 1963 பிப்ரவரி 28-ஆம் நாள் அதே ஆசிரமத்தில் அவர் உயிர் பிரிந்தது. எழுபத்தெட்டு வயது.